நாலாம் நம்பர் சக்கரம்

சிற்சபேசன் சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடவில்லை. கட்டத்துக்கு ஆள் தேடினார். முழுநீளக் காகிதத்தில் ரூல்தடி வைத்து நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வகுப்பின் பெயரை எழுதிவிட்டு, அதன் கீழே உட்கார வைக்க ஒரு பெயர் கிடைக்குமா என்று திருப்பாதிரிப்புலியூர் முழுக்க அலைந்தார். இந்து ஒன்று, முஸ்லிம் ஒன்று, கிறிஸ்தவர் ஒன்று, அரிஜன் ஒன்று. நான்கும் சேர்ந்தால் ‘சர்வ சமுதாய அணி.’ சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஜில்லா ஒற்றுமையாக இருக்கிறதென்று மதராஸுக்குக் காட்ட வேண்டாமா? நாலு பேருக்கும் வேகமாக மிதிக்க வருமா என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் காகிதத்தில் கட்டம் இல்லை.

கடலூர் சைக்கிள் சபைக்கு அவர் காரியதரிசி. சைக்கிளில் ஏறினால் இறங்கத் தெரியாத காரியதரிசி.

வேகமாக மிதிக்கிறவன் யார் என்று அவர் யாரையாவது கேட்டிருந்தால் ஊரில் பாதிப் பேர் லூர்துசாமியைக் கை காட்டியிருப்பார்கள். திருப்பாதிரிப்புலியூர்க் கொட்டகையிலும் கடலூர் முதுநகர்க் கொட்டகையிலும் ஒரே படத்தை ஒரே நாளில் ஓட்டினார்கள். பிலிம் இருப்பதோ ஒரே ஒரு பிரதி. இங்கே ஒரு சுருள் ஓடி முடிந்ததும் அதைப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு லூர்துசாமி அங்கே பறக்க வேண்டும். அங்கே கதாநாயகி அழ ஆரம்பிப்பதற்குள் சுருள் போய்ச் சேராவிட்டால் தரை டிக்கெட்டுக்காரர்கள் நாற்காலியை உடைப்பார்கள். ஆறு வருஷத்தில் ஒரு நாற்காலிகூட உடையவில்லை.

அவனுக்கு அந்த அணியில் ஓர் இடம் வேண்டும். வேறெதுவும் வேண்டாம். மதராஸில் நடக்கப்போகிற மாகாணப் பந்தயத்தில் ஜெயிக்கிறவர்களை ஒரு சைக்கிள் கம்பெனி சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறதாம். வேலையே பந்தயத்தில் ஓட்டுவதுதானாம். காலையில் எழுந்து சைக்கிள் மிதிப்பதற்கு மாதாமாதம் சம்பளம்! இதைக் கேட்ட நாளிலிருந்து லூர்துசாமிக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சிற்சபேசன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

“கிறிஸ்தவர் கட்டம் இருக்குதே சார். நான் வேதக்காரன்தான்.”

சிற்சபேசன் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கால் வெறுங்காலாக இருந்ததும் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“கிறிஸ்தவர்னா டாக்டர் வீட்டுப் புள்ள செல்வநாயகத்தப் போட்டாச்சுப்பா. சீமைச் சைக்கிள் வச்சிருக்கான். நீ சேரி ஆளு இல்ல? உன்ன அரிஜன்லதான் பாக்கணும்.”

“சரி சார், அதுல போடுங்க.”

“எப்படிப் போடறது? நீ ஞானஸ்நானம் வாங்கினவன். சர்க்கார் போட்ட ஜாதி ஜாபிதாவுல கிறிஸ்தவனுக்கு அரிஜன்னு பேரே கெடையாது. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?”

அதாவது, கிறிஸ்தவர் கட்டத்துக்கு அவன் அரிஜன். அரிஜன் கட்டத்துக்கு அவன் கிறிஸ்தவன். இதைச் சொல்லும்போது சிற்சபேசன் முகத்தில் துளி சங்கடமும் இல்லை. கணக்குச் சரியாக வந்த வாத்தியார் முகம்தான் இருந்தது. லூர்துசாமிக்கு அழுகை வரவில்லை. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. தெருமுனை வரை அடக்கிக்கொண்டு போய்த் துப்பினான்.

அரிஜன் கட்டத்தில் உட்கார்ந்தவன் யாரென்று தெரிந்தபோது அவன் சிரித்தே விட்டான். ஆண்டி! நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிற ஆண்டி, லூர்துசாமியின் சொந்த அத்தை மகன். ஒரே சேரி, ஒரே கிணறு. லூர்துசாமியின் அப்பா மாதா கோயிலுக்குப் போய்த் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டார். ஆண்டியின் அப்பா வாங்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஒரு சொம்புத் தண்ணீர்.

“மச்சான், எனக்கு வேணாம், நீ போன்னு சொல்லிப் பாத்துட்டேன்” என்றான் ஆண்டி. “பேரு மாறினா கட்டம் மாறும்ங்கறாரு அந்த ஆளு.”

“நீயே போடா. கட்டத்துல கெட. நான் ரோட்டுல கெடக்கறேன்.”

முஸ்லிம் கட்டத்தில் லால்பேட்டை காசிம். கொடிக்கால் வெற்றிலை மூட்டையோடு தினம் சிதம்பரத்துக்கு மிதிக்கிறவர். தப்பித்தவறி விழுந்த நல்ல தேர்வு. அது அவருக்கே தெரியும். “நல்லவேள என் பேரு காசிம். ராமாமிர்தம்னு வச்சிருந்தாங்கன்னா வெத்தலதான் கட்டிக்கினு இருப்பேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்து கட்டத்துக்கு ஆள் தேடச் சிற்சபேசன் வெயிலில் அலையவே இல்லை. அக்காள் மகன் அம்பலம் இருந்தான். சிதம்பரம் கீழவீதிக்காரன், தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா. மிதிப்பதில் குறை சொல்ல முடியாது, நடுத்தரம். அவனுடைய முழுத் திறமையும் வேறோர் இடத்தில் இருந்தது. பழகுவதற்காக நாலு பேரும் ஒருநாள் ஆலப்பாக்கம் வரை போனபோது நடு வெயிலில் அம்பலத்தின் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆண்டி தன் புட்டியை நீட்டினான். அம்பலம் புட்டியையும் பார்க்கவில்லை, நீட்டிய கையையும் பார்க்கவில்லை. நாக்கு வறள ஐந்து மைல் மிதித்து, தனக்கு ஏற்ற ஓட்டலாகத் தேடிப் போய்க் குடித்தான். அணியின் பெயர் சர்வ சமுதாய அணி.

அப்போது டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. சபை எப்படியோ பர்மிட்டு வாங்கி நாலு பேருக்கும் புது டயர் போட்டுக் கொடுத்தது. கொடுத்த அன்றைக்கே சிற்சபேசனுக்குத் தூக்கம் போய்விட்டது. நாலாமவன் புது டயரைக் கழற்றி விற்றுவிட்டால்? மற்றவர்களின் சக்கரத்தை மாற்றிக்கொண்டுவிட்டால்? மற்ற மூவரைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பட்டறையில் சொல்லி நாலு தகர வில்லை செய்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பெயிண்டில் எழுதினார். யாருக்கு எந்த எண் என்று சீட்டுப் போடவில்லை. அம்பலம் ஒன்று, செல்வநாயகம் இரண்டு, காசிம் மூன்று, ஆண்டி நான்கு. வில்லையின் நடுவில் ஓட்டை போட்டு, முன் சக்கரத்து அச்சில் நட்டுக்கு அடியில் மாட்டி, தன் கண் முன்னாலேயே முறுக்க வைத்தார். பிறகு உட்கார்ந்து விதிகள் எழுதினார். எழுதும் சுகம் அவரை விடுவதில்லை.

‘விதி ஐந்து: பிறர் சக்கரத்தை வாங்கி ஓட்டுபவர் அணியிலிருந்து நீக்கப்படுவார். விதி ஆறு: எந்த எண்ணுள்ள சக்கரம் எப்போது கோட்டைத் தொடுகிறதோ, அதுவே அந்த எண்ணுக்குரிய வீரரின் நேரம்.’ சக்கரத்தைக் கொடுப்பவர் பற்றி விதி எதுவும் இல்லை. கொடுக்கிற நிலையில் ஆண்டி இருப்பான் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி காலை சோதனை ஓட்டம். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து சிதம்பரம் கீழவீதித் தேர்முட்டி வரை இருபத்தெட்டு மைல். நாலு பேர் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் வந்தால் மதராஸ் அவர்களை ஏற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் ஜில்லாவே கிடையாது. நேரம் பார்க்க மதராஸிலிருந்து கோவிந்தசாமி என்று ஒருவர் வந்திருந்தார். ரயில்வேயில் முப்பது வருஷம் கைக்கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தியவர். காப்பி கொடுத்தாலும் மணி பார்த்துத்தான் குடித்தார்.

ரோட்டில் சவுக்குக் கட்டை வண்டிகள் வரும், மாடு குறுக்கே போகும். முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியோடு போய் வழி விலக்க வேண்டும். சிற்சபேசன் லூர்துசாமிக்குச் சொல்லி அனுப்பினார்.

“ரோடு உனக்குத்தாம்ப்பா நல்லாத் தெரியும். கொடி புடிச்சிக்கினு ஒரு பர்லாங்காவது முன்னாடியே போகணும். கொடிய யாரும் தாண்டக் கூடாதுன்னு விதி ஒண்ணுலயே எழுதிட்டேன்.”

“யாரும் தாண்டக் கூடாதா சார்?”

“யாரும்.”

“அதுக்குக் கட்டம் எதனா உண்டா?”

“கொடி புடிக்கறதுக்கு எதுக்குய்யா கட்டம்?” என்று சிற்சபேசன் சிரித்தார். லூர்துசாமியும் சிரித்தான். இரண்டு சிரிப்பும் வேறு வேறு என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆளும் இல்லை.

கோவிந்தசாமி கடிகாரத்தோடு மைதானத்தில் நின்று, சிற்சபேசன் ஒவ்வொரு வில்லையாகத் தொட்டுக் காட்ட, தன் நோட்டில் குறித்துக்கொண்டார். ஆண்டியின் முதுகில் பம்பு, பசை, ஒட்டுத் துணி, ஸ்பேனர் எல்லாம் ஒரு பையில் தொங்கின. “நீ நாலாவது ஆளு. மத்தவங்களுக்கு எது ஆனாலும் நீதான் கவனிக்கணும், தெரிஞ்சுதா?” என்றார் சிற்சபேசன். ஓடப்போகிறவனுக்கு அவர் சொன்ன ஒரே யோசனை இதுதான். விசில் ஊதியதும் கோவிந்தசாமியும் சிற்சபேசனும் மோட்டாரில் ஏறி முன்னாலேயே சிதம்பரம் போய்விட்டார்கள்.

லூர்துசாமி பிலிம் பெட்டி இல்லாமல் மிதித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கேரியர் வெறுமையாக இருந்ததே அவனுக்குப் போதையாக இருந்தது. முதுநகர் தாண்டியதும் திரும்பிப் பார்த்தான். ஒரு பர்லாங் இருந்தது. ஆலப்பாக்கத்தில் பார்த்தான், யாரும் கண்ணில் படவில்லை. ஒரு பர்லாங்காவது என்றுதானே சொன்னார்? எத்தனை பர்லாங்குக்கு மேல் கூடாது என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. தேய்ந்த டயரும் கிறீச்சிடும் பெடலுமாக, வண்டிக்காரர்களை விலகச் சொல்லிக் கத்திக்கொண்டே, அந்த நாலு கட்டத்தையும் சக்கரத்தின் அடியில் போட்டு நசுக்குகிற ஆத்திரத்தோடு மிதித்தான். புவனகிரிப் பாலத்தில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அதையும் திட்டினான். கீழவீதித் தேர்முட்டியில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியபோது கோவிந்தசாமி கடிகாரத்தைப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, மறுபடியும் பார்த்தார்.

“ஒரு மணி முப்பத்தோரு நிமிஷம். யாருய்யா நீ?”

“கொடிங்க.”

“கொடி சார் அது, வெறும் கொடி” என்று சிற்சபேசன் குறுக்கே விழுந்தார். “நம்ம பசங்க பின்னாடி வராங்க.” கோவிந்தசாமி நோட்டில் எழுதிக்கொண்டார். ஓடுகிற எதையும் நேரத்தோடு எழுதிவிடுவது அவர் பழக்கம்.

கீழவீதியில் கூட்டம் கூடியிருந்தது. அம்பலத்தின் தாயார் ஆரத்தித் தட்டோடு நின்றாள். காசிம் வந்தார், ஒன்று முப்பத்தொன்பது. செல்வநாயகம் வந்தான், ஒன்று நாற்பது. பிறகு கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. சிற்சபேசன் கோவிந்தசாமியின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்பலம் வந்து கோட்டைத் தாண்டி விழுந்தபோது ஒன்று நாற்பத்துநாலு. தெருவே கத்தியது. தாயார் ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள்.

கோவிந்தசாமி அம்பலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்து எழுதினார். லூர்துசாமியும் குனிந்து பார்த்தான். வில்லையில் இருந்த எண் நான்கு. கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்முட்டி நிழலில் உட்கார்ந்து ஆண்டிக்காகக் காத்திருந்தான்.

ஆண்டி வந்தபோது ஓட்டம் தொடங்கி இரண்டு மணி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. ஆரத்தித் தட்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. லூர்துசாமி தண்ணீர் கொடுத்துக் காதருகே குனிந்தான்.

“இன்னாடா ஆச்சு?”

“பெரியப்பட்டுத் தாண்டி அவருக்கு முன் சக்கரம் பஞ்சரு மச்சான். ஒட்டித் தரேன்னேன். அதுக்கெல்லாம் நேரமில்ல, உன் சக்கரத்தக் கழட்டுடான்னாரு. கழட்டி மாட்டி விட்டுட்டு, அவரோடத ஒட்டிப் போட்டுக்கினு வரேன்.”

“வில்லையும் சேத்தா மாட்டின?”

ஆண்டி புட்டியை வாயிலிருந்து எடுத்தான். கண்ணில் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. “சக்கரத்தத்தான கேட்டாரு. நம்பர மாத்துன்னு சொல்லலியே.”

அச்சுப் பக்கம் குனிந்து பார்க்கும் வழக்கம் அம்பலத்துக்கு இல்லை. அதற்குத்தான் ஆண்டி இருந்தான்.

கோவிந்தசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். “ரெண்டு, மூணு, நாலு: மூணு பேரும் நேரத்துக்குள்ள. ஒண்ணாம் நம்பர் அம்பலம், ரெண்டு மணி இருபது. தள்ளுபடி.”

சிற்சபேசன் துள்ளி விழுந்தார். “என்ன சார் படிக்கிறீங்க! அம்பலம் அப்பவே வந்துட்டானே, தெருவே பாத்துச்சு! இதோ நிக்கிறானே!”

“இவரா? இவரு வந்த சக்கரம் நாலாம் நம்பர். நாலாம் நம்பர் யாருன்னு நீங்கதானே காலைல எழுதிக் குடுத்தீங்க.” கோவிந்தசாமி நோட்டைப் புரட்டினார். “ஆண்டி.” பிறகு அம்பலத்தை நிமிர்ந்து பார்த்து, ரயில்வேயில் டிக்கெட் கேட்கிற குரலில், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல் கேட்டார். “ஏன் தம்பி, நீதான் ஆண்டியா?”

அம்பலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றியில் ஆரத்திப் பொட்டு மட்டும் ஈரமாக இருந்தது.

“நான் ஆண்டி இல்ல.”

“அப்ப ஆண்டிகிட்டேருந்து சக்கரம் வாங்கினியா?”

லூர்துசாமி அம்பலத்தின் வாயையே பார்த்தான். அவனுடைய மதராஸ், அவனுடைய சம்பளம் எல்லாம் அந்த ஒரு வாய்க்குள் இருந்தன. அம்பலம் தெருவைப் பார்த்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள், ஆபீஸ் சிநேகிதர்கள், எல்லாரும் இருந்தார்கள். ஆமாம் என்றால் ஆண்டியிடம் கை நீட்டியவன். இல்லை என்றால் அவனே ஆண்டி. ஐந்து மைல் நாக்கு வறள ஓடிக் காப்பாற்றிய கௌரவம் ஒரு தகர வில்லையில் மாட்டிக்கொண்டு நின்றது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்காக ஒரு நிமிஷம்கூட லூர்துசாமி பரிதாபப்படவில்லை.

“விதி ஐந்து” என்று கோவிந்தசாமி சிற்சபேசனின் காகிதத்தை அவரிடமே நீட்டினார். “வாங்கினவர் நீக்கம். குடுத்தவரைப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதல. இவரு விட்டுட்டுப் போன சக்கரத்த மாட்டிக்கிட்டு வந்தது வாங்கினதாகாது. விதி ஆறுப்படி நாலாம் நம்பருக்கு நேரம் ஒண்ணு நாப்பத்துநாலு. ஆண்டி உள்ள. இன்னும் ஒரு ஆள் குறையுது. ஒண்ணு முப்பத்தொண்ணுல ஒருத்தன் வந்தானே, அவன் எங்க?”

“அவன் கொடி சார்!”

“கொடியோ குடையோ, எனக்கு நாலு பேர் வேணும். இவன் வேணாம்னா உங்க ஜில்லாவும் வேணாம். எனக்குப் பன்னெண்டு மணிக்கு வண்டி.”

சிற்சபேசன் கட்டம் போட்ட காகிதத்தைப் பிரித்தார். இந்து கட்டம் காலியாகிவிட்டது. லூர்துசாமியை எதில் எழுதுவது என்று பேனாவை அங்கும் இங்கும் கொண்டுபோனார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்து முகம் மலர்ந்தது.

“ஏம்ப்பா, நீ ஒரே ஆளு ரெண்டு வகுப்புக்கும் ஆச்சே! கிறிஸ்தவர்லயும் காட்டலாம், அரிஜன்லயும் காட்டலாம். ஆண்டியக்கூட அப்பறம் மாத்திக்கலாம்...”

“போன மாசம் நான் ரெண்டுலயும் இல்லன்னீங்க. இப்ப ரெண்டுலயும் இருக்கேனா?” என்றான் லூர்துசாமி. “ஒரு கட்டத்துலயும் எழுதாதீங்க. ஆண்டியத் தொட்டீங்கன்னா நான் வண்டி ஏற மாட்டேன். அப்பறம் உங்க கட்டத்த நீங்களே மதராஸுக்கு மிதிச்சிக்கினு போங்க.”

கோவிந்தசாமி தன் அச்சடித்த விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அதில் பெயருக்கு ஓர் இடமும் நேரத்துக்கு ஓர் இடமும்தான் இருந்தன. லூர்துசாமி தன் பெயரை எழுதிவிட்டு, அது காயும் வரை ஊதிக்கொண்டே நின்றான்.

கூட்டம் கலைந்த பிறகு ஆண்டி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தன் சக்கரத்தைக் கழற்றப் போனான். அம்பலம் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான்.

“டேய், யாராச்சும் கேட்டா, நான் கேக்கல, நீயாத்தான் குடுத்தேன்னு சொல்லிடு.”

ஆண்டி நட்டைத் திருகிக்கொண்டே நிமிராமல் சொன்னான்:

“அன்னைக்குத் தண்ணியும் நானாத்தாங்க குடுத்தேன். வாங்கினீங்களா?”